காற்றின் வழியில் ஒரு மில்லிமீட்டர்

எஞ்சினுக்குள் காற்று போகும் வழியை அகலப்படுத்தினால் எஞ்சினின் பலம் கூடும். கேட்ட மாத்திரத்தில் இது சரி என்றுதான் படும். பெட்ரோலை எவ்வளவு வேண்டுமானாலும் உள்ளே விடலாம்; அது எரிவதற்குக் காற்று வேண்டுமே! இந்த நம்பிக்கையில்தான் அமெரிக்காவில் இரண்டு மூன்று தலைமுறைகளாக வார இறுதிகளில் வீட்டுக் கார் ஷெட்டுகளில் ஒரு வேலை நடந்துவருகிறது. பழைய வி-8 எஞ்சினைப் பிரித்து, காற்று வரும் குழாய்களின் வாயைக் கிரைண்டரால் குடைந்து, இடையில் வைக்கும் கேஸ்கெட்டின் ஓட்டை அளவுக்குப் பெரிதாக்குவார்கள். இதற்குப் பெயர் போர்ட் மேட்சிங். நாம் 'வாய் பொருத்தல்' என்று வைத்துக்கொள்ளலாம்.

வேலை முடிந்து எஞ்சினை மாட்டி ஓட்டிப் பார்க்கும்போதுதான் புதிர் தொடங்குகிறது. சிலருக்கு உச்ச வேகத்தில் கொஞ்சம் பலன் தெரிகிறது. பலருக்கு ஒரு வித்தியாசமும் தெரிவதில்லை. இன்னும் சிலருக்கு, சிக்னலில் நின்று கிளம்பும்போது முன்பிருந்த இழுவைகூட இல்லை. ஓட்டை பெரிதாகிவிட்டது, ஆனால் உள்ளே போகும் காற்று பெரிதாகவில்லை. ஏன்?

முதலில் இடத்தைப் பார்த்துவிடுவோம். இந்த வீட்டு வேலை அதிகம் நடக்கும் எஞ்சின், 1955-இல் வந்த ஷெவர்லே 'ஸ்மால் பிளாக்' வி-8. அந்த வரிசையின் பத்துக் கோடியாவது எஞ்சினை ஜெனரல் மோட்டார்ஸ் 2011-இல் தயாரித்தது. ஆங்கில 'வி' எழுத்துபோல விரிந்த இரண்டு வரிசைகளில் வரிசைக்கு நான்காக எட்டு சிலிண்டர்கள். ஒவ்வொரு வரிசையின் தலையிலும் ஒரு ஹெட். இரண்டு ஹெட்டுகளுக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் மேனிஃபோல்டு உட்கார்ந்திருக்கும். நடுவிலிருக்கும் கார்புரேட்டரிலிருந்து எட்டுக் குழாய்களாகப் பிரிந்து காற்றைப் பங்கிட்டுக் கொடுப்பது அதன் வேலை. மேனிஃபோல்டுக் குழாயின் வாயும் ஹெட்டிலுள்ள துளையின் வாயும் நேருக்கு நேர் சந்திக்கின்றன. கசிவு இல்லாமலிருக்க இரண்டுக்கும் நடுவில் மெல்லிய கேஸ்கெட். நம்மூர் மெக்கானிக்குகள் இதைப் 'பேக்கிங்' என்பார்கள்.

மூன்று பொருள்களிலும் ஓட்டை உண்டு. மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காருவதில்லை. அதற்குக் காரணம் சோம்பேறித்தனம் இல்லை, செய்முறை அப்படி. ஹெட்டும் மேனிஃபோல்டும் மணல் அச்சில் உலோகத்தை ஊற்றி வார்ப்பவை. உள்ளே துளை வேண்டிய இடத்தில் மணலாலேயே ஒரு கருவைச் செய்து வைப்பார்கள். கோயம்புத்தூர் ஃபவுண்டரிகளில் இதைக் 'கோர்' என்பார்கள். உருகிய இரும்பு பாயும்போது அந்தக் கோர் கொஞ்சம் மிதக்கும், கொஞ்சம் நகரும். துளை ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் போய்விடும். போதாக்குறைக்கு மேனிஃபோல்டின் போல்ட் துளைகள் போல்ட்டைவிடச் சற்றுப் பெரியவை; இறுக்கும்போது அது எந்தப் பக்கமும் சாயலாம். கேஸ்கெட் செய்பவருக்கு இதெல்லாம் தெரியும். அதனால் பல அளவு ஹெட்டுகளுக்கும் பொருந்தும்படி, எந்தத் துளைக்குள்ளும் தன் விளிம்பு நீட்டிக்கொண்டிருக்காதபடி, ஓட்டையைத் தாராளமாகவே வெட்டியிருப்பார். ஃபெல்-புரோ என்ற கம்பெனியின் 1205, 1206 என்ற கேஸ்கெட் எண்களே இந்த உலகில் துளை அளவுகளின் பெயராகிவிட்டன. 1205-இன் ஓட்டை சுமார் 53 மி.மீ. உயரமும் 32.5 மி.மீ. அகலமும் கொண்டது.

ஆக, கேஸ்கெட்டின் ஓட்டை பெரிதாக இருப்பது ஒரு பாதுகாப்பு இடைவெளி. காற்றுக்கு இதுதான் உகந்த அளவு என்று யாரோ ஆராய்ந்து வெட்டியது அல்ல. வீட்டில் வேலை செய்பவர் அதை வார்ப்புருவாக எடுத்துக்கொள்ளும்போதே கதை கொஞ்சம் தடம் மாறிவிடுகிறது.

இப்போது காற்றின் வேகத்தைக் கணக்குப் போடுவோம். 5.7 லிட்டர் ஸ்மால் பிளாக்கில் ஒரு சிலிண்டருக்குச் சுமார் 715 மி.லி. நிமிடத்துக்கு 5,000 சுற்று வேகத்தில் பிஸ்டன் மேலிருந்து கீழே வர எடுத்துக்கொள்வது 6 மில்லி விநாடி. கண் இமைக்கும் நேரத்தில் இது இருபது முறையாவது நடந்துவிடும். அந்த 6 மில்லி விநாடிக்குள் 715 மி.லி. காற்று, 17 சதுர செ.மீ. துளை வழியாகப் போயாக வேண்டும். வகுத்துப் பார்த்தால் சராசரி வேகம் விநாடிக்கு 70 மீட்டர். அதாவது மணிக்கு 250 கி.மீ. பிஸ்டன் வேகமாக இறங்கும் நடுக்கட்டத்தில் இதைவிட அதிகம். கடும் புயலின் வேகத்தையும் தாண்டிய காற்று, கை விரல் நீளமுள்ள ஒரு துளைக்குள். அதன் வழியில் ஒரு மில்லிமீட்டர் படி இருந்தால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்விக்கு விடை தந்தவர்களில் முக்கியமானவர் மரத்தூளோடு மல்லாடிய ஒரு பொறியாளர். ஜெர்மனியின் நூரம்பர்க் நகரிலிருந்த எம்.ஏ.என். இயந்திரத் தொழிற்சாலையில் 1900 வாக்கில் வேலைக்குச் சேர்ந்த லுட்விக் பிராண்டிலிடம், பட்டறைச் சீவல்களை உறிஞ்சி வெளியேற்றும் குழாயமைப்பைச் செம்மைப்படுத்தும் பொறுப்பைக் கொடுத்தார்கள். குழாயைப் படிப்படியாக அகலமாக்கினால் காற்று வேகம் குறைந்து, அந்த வேகமெல்லாம் அழுத்தமாகத் திரும்பக் கிடைக்கும் என்று புத்தகங்கள் சொல்லின. கிடைக்கவில்லை. காற்று குழாயின் சுவரை ஒட்டி விரியாமல், சுவரைவிட்டு விலகி நடுவே பாய்ந்துகொண்டிருந்தது. ஏன் விலகுகிறது என்ற கேள்வி அவரை விடவில்லை. அடுத்து ஹானோவரில் பேராசிரியரானபோது, கையால் சுழற்றும் சக்கரத்தால் ஓடும் நீர்க் கால்வாய் ஒன்றைக் கட்டி, நீரில் மைக்காத் துகள்களைத் தூவி, ஓட்டம் எங்கே சுவரைவிட்டுப் பிரிகிறது என்று கண்ணால் பார்த்தார். 1904-இல் ஹைடல்பெர்க்கில் நடந்த கணித மாநாட்டில் அவர் சொன்ன விடை இது: சுவரை ஒட்டி மெல்லிய ஒரு படலம் மட்டும் உராய்வால் வேகமிழந்து தளர்ந்திருக்கிறது. எதிர்ப்பக்கம் அழுத்தம் கூடினால் வேகமாக ஓடும் நடு ஓட்டம் சமாளித்துவிடும். தளர்ந்த இந்தப் படலத்தால் முடியாது. அது நின்று, திரும்பி, மொத்த ஓட்டத்தையும் சுவரிலிருந்து விலக்கிவிடுகிறது. அந்தப் படலம் எல்லைப் படலம். விலகுவது ஓட்டப் பிரிவு.

வாய்க்கால் ஓரத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. குறுகிய வாய்க்கால் சட்டென்று அகலமாகும் இடத்தில் தண்ணீர் கரையோரம் பரவுவதில்லை. நடுவே நேராக ஓடிவிடும். இரண்டு ஓரங்களிலும் வைக்கோலும் நுரையும் அதே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். அந்தச் சுழி சும்மா சுற்றுவதில்லை. நடு ஓட்டத்திடமிருந்து ஆற்றலை வாங்கித்தான் சுற்றுகிறது. மாறாக, அகலமான வாய்க்கால் சட்டென்று குறுகும் இடத்தைப் பாருங்கள். பக்கவாட்டிலிருந்து வரும் தண்ணீர் மூலையில் மடங்கித் திரும்ப முடியாமல் உள்நோக்கிப் பாய்கிறது. குறுகலுக்குள் நுழைந்த பிறகும் ஓட்டம் இன்னும் குறுகி, கரையைத் தொடாமல் சிறிது தூரம் போய், பிறகுதான் மறுபடி விரிகிறது. ஐந்தடி மடையில் தண்ணீர் உண்மையில் நாலடியைத்தான் பயன்படுத்துகிறது.

எஞ்சினில் நடப்பதும் இதுவே. மேனிஃபோல்டின் வாய் சிறியது, ஹெட்டின் வாய் பெரியது என்றால் காற்று விரிவைச் சந்திக்கிறது. நேர்மாறாக இருந்தால், ஹெட்டின் உலோக விளிம்பு காற்றுக்கு எதிரே முகம் காட்டி நிற்கிறது. கேட்டால் பெரும்பாலோர் 'ரெண்டும் படிதானே, ரெண்டும் ஒண்ணுதான்' என்பார்கள். அளந்து பார்த்தவர்கள் அப்படிச் சொல்லவில்லை. 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கடற்படைக்காரரும் கணித அறிஞருமான போர்டா, திடீரென்று விரியும் ஓட்டத்தில் எவ்வளவு ஆற்றல் வீணாகும் என்பதற்கு ஒரு விதி தந்தார். லாசார் கார்னோவின் பெயரும் பின்னர் அதோடு சேர்ந்தது. வேகமான திரவம் மெதுவான திரவத்தின்மேல் மோதி ஒட்டிக்கொள்ளும்போது வீணாகும் ஆற்றல் அது. குறுகலுக்கான விதியைப் பின்வந்த நீரியலார் சோதனைகளிலிருந்து வகுத்தார்கள்.

நம் 53-க்கு 32.5 துளையில் நான்கு பக்கமும் 1 மி.மீ. படி வைத்து அந்த விதிகளைப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 250 கி.மீ. காற்றில், விரியும் படியால் ஆகும் அழுத்த இழப்பு சுமார் கால் சென்டிமீட்டர் நீர்மட்ட உயரம். அதே படி எதிர்முகமாக இருந்தால் கிட்டத்தட்ட 1.4 செ.மீ. ஐந்து மடங்குக்கு மேல்! அதே ஒரு மில்லிமீட்டர்தான். திசை மட்டும்தான் மாறியது.

ஆனால் இன்னொரு எண்ணையும் பக்கத்தில் வைக்காமல் விட்டால் நான் உங்களை ஏமாற்றுகிறேன் என்று ஆகும். வளிமண்டலம் எஞ்சினுக்குள் காற்றைத் தள்ளும் மொத்த அழுத்தம் சுமார் 10 மீட்டர் நீர் உயரம். அதில் 1.4 செ.மீ. என்பது ஆயிரத்தில் ஒன்றரை. இருநூறு குதிரைத் திறன் எஞ்சினில் கால் குதிரை, அரைக் குதிரை. கார் ஓட்டுபவரின் முதுகுக்கு அது தெரியவே தெரியாது. தெரிகிறது என்பவர் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கிரைண்டரோடு உட்கார்ந்திருந்தவராக இருப்பார்.

எண்களைப் புத்தக விதியிலிருந்து எடுத்தேன்; எஞ்சினோ நேர்க்குழாய் அல்ல, காற்றும் அதில் ஒரே சீராக ஓடுவதில்லை. அதனால் ஹெட் வேலை செய்பவர்கள் விதியை நம்பி உட்காராமல் அளக்கிறார்கள். அளக்கும் கருவியின் பெயர் ஃப்ளோ பெஞ்ச். கருத்து எளிது. ஹெட்டை ஒரு சிலிண்டர் குழாயின்மேல் கவிழ்த்தாமல் பொருத்தி, கீழிருந்து மோட்டாரால் காற்றை இழுப்பார்கள். வால்வை ஒரு திருகால் மில்லிமீட்டர் மில்லிமீட்டராகத் திறந்துகொண்டே போவார்கள். தண்ணீர் நிரப்பிய 'யு' குழாய் அழுத்த வேறுபாட்டைக் காட்டும்; அமெரிக்கப் பட்டறைகளில் 28 அங்குல நீர் உயரத்தில் வைத்து ஒப்பிடுவது வழக்கம். அந்த அழுத்தத்தில் நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று போகிறது என்பதே மதிப்பெண். இங்கிலாந்தில் ஹாரி வெஸ்லேக் 1920-களிலேயே இப்படிக் காற்றை அளந்து ஹெட்டுகளைத் திருத்தினார். பின்னாளில் ஜாகுவார் எஞ்சின்களின் ஹெட்டுகளிலும் அவர் கை உண்டு. இன்று வாக்குவம் கிளீனர் மோட்டார்களைச் சேர்த்து வீட்டிலேயே இதைக் கட்டிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள்.

ஃப்ளோ பெஞ்சில் எனக்கு மிகவும் பிடித்த வித்தை களிமண். பிள்ளைகள் விளையாடும் வண்ணக் களிமண்ணைத் துளையின் ஒரு பக்கச் சுவரில் அப்பி, ஒரு படியைச் செயற்கையாக உண்டாக்குவார்கள். எண் குறைகிறதா? களிமண்ணை எதிர்ச் சுவருக்கு மாற்றுவார்கள். எங்கே அப்பினால் எண் குறைகிறதோ அங்கேதான் காற்று வேகமாக ஓடுகிறது. எங்கே கட்டை விரல் அளவு அப்பியும் எண் அசையவில்லையோ அங்கே ஏற்கெனவே காற்று பிரிந்து சுழன்றுகொண்டிருக்கிறது. அந்த இடம் இருந்தும் பயனில்லை. சில இடங்களில் களிமண் வைத்தபின் எண் கூடவே செய்யும். உலோகத்தைச் சுரண்டினால் மறுபடி ஒட்ட முடியாது. களிமண்ணை எத்தனை முறை வேண்டுமானாலும் எடுக்கலாம்.

இப்படி அளக்க அளக்கத் தெரியவந்த பெரிய விஷயம், இடுக்கு கேஸ்கெட் இருக்கும் இடத்தில் இல்லை என்பது. ஸ்மால் பிளாக்கில் கேஸ்கெட் முகத்திலிருந்து சுமார் ஓர் அங்குலம் உள்ளே போனால் துளை ஒரு பக்கம் நெரிக்கப்பட்டிருக்கும். வால்வை இயக்கும் புஷ்ராடு என்ற நீளக் கம்பி அந்த வழியாக மேலே போகிறது. அதற்கு இடம்விடத் துளை ஒதுங்கிக்கொடுத்திருக்கிறது. அதையும் தாண்டினால் வால்வு. 49 மி.மீ. விட்டமுள்ள வால்வு 10 மி.மீ. திறந்தால், அதன் சுற்றளவு நெடுகக் கிடைக்கும் இடைவெளி சுமார் 15 சதுர செ.மீ. நம் துளையே 17. அதிலும் 10 மி.மீ. என்பது உச்சத் திறப்பு. வால்வு அந்த நிலையில் இருப்பது கணநேரம். மற்ற நேரமெல்லாம் அதைவிடக் குறைவு. ஆக வழிநெடுக மிகக் குறுகிய இடம் கடைசியில் இருக்க, நாம் வாசலை அகலமாக்குகிறோம்.

பலனில்லை என்பதோடு நின்றால் பரவாயில்லை. 1205 துளையை 1206 அளவுக்குக் குடைந்தால், வாயில் மட்டும் ஒரு வீக்கம் உண்டாகிறது. மேனிஃபோல்டுக் குழாயில் வேகமாக வந்த காற்று வீக்கத்தில் வேகம் குறைந்து, புஷ்ராடு நெரிப்பில் மறுபடி வேகம் பிடிக்க வேண்டும். காற்றுக்கும் எடை உண்டு என்பதை இங்கே மறக்கக் கூடாது. பிஸ்டன் அடிமட்டத்தைத் தொட்டுத் திரும்பி மேலேறத் தொடங்கிய பிறகும் உள்வால்வு சிறிது நேரம் திறந்தேதான் இருக்கும். வேகமாக வந்த காற்றுத்தூண் தன் உந்தத்தால், ஏறிவரும் பிஸ்டனையும் மீறி, இன்னும் கொஞ்சம் உள்ளே திணிந்துகொள்ளட்டும் என்பதற்காகவே அந்த ஏற்பாடு. வாயோடு நிற்காமல் துளையை நெடுக அகலமாக்கி வேகத்தைக் குறைத்துவிட்டால், எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது அந்த உந்தம் போதாது. உள்ளே வந்த காற்றைப் பிஸ்டன் வந்த வழியே திருப்பித் தள்ளிவிடும். சிக்னலில் இழுவை குறைந்தவரின் புதிருக்கு விடை பெரும்பாலும் இதுதான்.

திரும்பிவரும் ஓட்டம் என்றதும் படியின் திசை மறுபடி முக்கியமாகிறது. மேனிஃபோல்டு வாய் ஹெட்டின் வாயைவிட அரை, ஒரு மில்லிமீட்டர் சிறியதாகவே இருக்கட்டும் என்று விட்டுவிடும் அனுபவசாலிகள் உண்டு. உள்ளே போகும் காற்றுக்கு அது மலிவான விரிவுப் படி. திரும்பிவரும் காற்றுக்கு அதே படி எதிர்முக விளிம்பு. இரண்டு வாயும் கச்சிதமாகப் பொருந்துவதைவிட இந்த வேண்டுமென்றே விட்ட பொருத்தமின்மை சில எஞ்சின்களில் மேல். 'மேட்சிங்' என்ற பெயரைக் கேட்டுக் கச்சிதத்தைத் துரத்துபவர்கள் கவனிக்காமல் விடுவது இது.

அப்படியானால் இந்த வேலையே வேண்டாமா? வேண்டிய இடங்கள் இருக்கின்றன. கேஸ்கெட்டே துளைக்குள் நீட்டிக்கொண்டிருந்தால் அதை வெட்டித்தான் ஆக வேண்டும்; குறுகலின் நஷ்டமும் விரிவின் நஷ்டமும் அடுத்தடுத்துச் சேரும் இடம் அது. கோர் நகர்ந்ததால் எட்டில் ஒரு துளை மட்டும் மூன்று மில்லிமீட்டர் தள்ளியிருந்தால் அதைச் சரிசெய்வது நல்லது. அந்தச் சிலிண்டருக்கு மட்டும் காற்று குறைவாகப் போனால் எட்டும் ஒரே கலவையில் எரியாது. மற்றபடி, எதிர்முகமாக நிற்கும் விளிம்பை உருட்டிவிட்டாலே பெரும்பகுதி வேலை முடிந்தது. தொட்டியிலிருந்து குழாய்க்குள் நீர் நுழையும் வாயில் கூர் விளிம்பு இருந்தால் ஆகும் இழப்பு, விளிம்பை நன்றாக வளைத்துவிட்டால் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும் என்பது நீரியல் பாடத்தின் பழைய எண். காற்றுக்கு மூலையில் திரும்ப ஒரு வளைவு கிடைத்தால் போதும், அது சுவரைவிட்டுப் பிரியாது.

செய்முறையில் கவனிக்க வேண்டியது கிரைண்டரைவிட, பொருள்கள் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் உட்காருகின்றனவா என்பதே. போல்ட் துளையில் ஆட்டம் இருக்கும்போது அரை மில்லிமீட்டர் நுணுக்கமாகக் கோடு போடுவதில் அர்த்தமில்லை. மறுபடி மாட்டும்போது மேனிஃபோல்டு ஒரு மில்லிமீட்டர் நகர்ந்திருக்கும். அதனால் தெரிந்தவர்கள் முதலில் இரண்டு மூலைகளில் நிலைப்படுத்தும் பின்களை அடித்துவிடுவார்கள். பிறகு முகத்தில் நீல மையைப் பூசி, கூர் ஊசியால் கோடு கீறி, கோட்டுக்கு உட்பக்கமே நின்று குடைந்து, ஓர் அங்குல ஆழத்துக்குள் பழைய சுவரோடு சரிவாகக் கலந்துவிடுவார்கள். கண்ணாடிபோல் பளபளப்பாக்குவது வீண். எமரி பட்ட சொரசொரப்பு இருக்கலாம். அலுமினியம் கிரைண்டர் பல்லில் அப்பிக்கொள்ளும் என்பதால் மெழுகு தடவுவார்கள். மற்ற துளைகளில் துணியைத் திணித்து வைப்பதை மறந்தால், ஒரு சிட்டிகை இரும்புத்தூள் சிலிண்டர் சுவரைக் கீறும். புஷ்ராடு பக்கச் சுவர் மெல்லியது. அங்கே ஓட்டை விழுந்தால் எஞ்சின் ஆயில் நேராகக் காற்று வழிக்குள் வரும்.

ஹெட்டையோ பிளாக்கையோ ஏற்கெனவே தட்டையாகச் சீவியிருந்தால் கிரைண்டர் உதவாது. 'வி' வடிவப் பள்ளம் குறுகிவிட்டதால் மேனிஃபோல்டு சற்று மேலேயே நின்றுவிடும். எட்டு வாய்களும் ஒரே பக்கம் விலகும். மேனிஃபோல்டின் முகங்களை மெஷின் ஷாப்பில் அதே கணக்கில் சீவ வேண்டும்.

குடைந்து முடித்தபின் கேஸ்கெட் உட்காரச் சுற்றிலும் எவ்வளவு தட்டையான உலோகம் மிச்சமிருக்கிறது என்பதும் கேள்வி. அது மெலிந்தால் கசியும். மேற்பக்கக் கசிவு எளிதில் பிடிபடும். கீழ் விளிம்பில் கசிந்தால் வெளியே ஒன்றும் தெரியாது: எஞ்சினின் உட்பள்ளத்திலிருந்து ஆயில் புகையைத் துளை உறிஞ்சிக்கொள்ளும், புகைக்குழாயில் நீலப்புகை வரும், பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது என்று எஞ்சினையே பிரிக்கப் போவார்கள். பிரிக்கும் முன் ஒரு சோதனை செய்யலாம். பிளாக்கின் காற்றோட்டக் குழாய்களையெல்லாம் அடைத்துவிட்டு, எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் வாயை ஒரு தாளால் மூடிப் பாருங்கள். நல்ல எஞ்சினில் ரிங்குகளைத் தாண்டிவரும் வாயு தாளை வெளியே தள்ளும். தாள் உள்ளே இழுபட்டால், ரிங்கைத் தொட வேண்டியதில்லை. கேஸ்கெட்டின் கீழ் விளிம்பைப் பாருங்கள்.